கால் வீட்டில்; மணி யார் பையில்?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்றை முதலில் படித்துவிடுங்கள். எழுதியிருப்பவர் ஆவடியை அடுத்த வெள்ளானூரில் இருக்கும் ஒரு சகோதரி.

"அன்புள்ள அக்கா, என் மாமியாருக்கு வயது 64. வலது முட்டி தேய்ந்துபோய், இப்போது ரேஷன் கடை வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. அடுத்த மாதம் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ஆப்பைக் காட்டி, 'வீட்டுக்குப் போன பிறகு பயிற்சி, மாத்திரை, சந்தேகம் எல்லாம் இதிலேயே பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லி, என் வீட்டுக்காரர் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் காலை ஏழரைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிளம்பினால் திரும்பி வர ராத்திரி எட்டாகிறது. அத்தையிடம் இருப்பது பட்டன் போன். எனக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. கால் மடங்காமல் போய்விட்டால் 'மருமகள் சரியாகப் பார்க்கவில்லை' என்றுதான் சொல்வார்கள் என்று இப்போதே பயமாக இருக்கிறது. ஆப்பை நம்பலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?"

நம் வாசகியரில் எத்தனையோ பேர் வீட்டில் ஒரு அம்மாவோ அத்தையோ பாட்டியோ முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள். ஆகையால் இந்தப் பதில் எல்லோருக்கும் சேர்த்துத்தான். சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப் உபயோகமானதுதான், ஆனால் அது காலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கால் வெள்ளானூரில் கிடக்க, பயிற்சி மணி அம்பத்தூரில் அடித்தால் யாருக்கு என்ன லாபம்?

ஆபரேஷனில் நடப்பது என்ன?

"முட்டியையே அறுத்து எடுத்துட்டு இரும்பு முட்டி வைப்பாங்களாமே!" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் இல்லை. தொடை எலும்பின் கீழ்முனையிலும், அதற்குக் கீழே உள்ள கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்துபோன பரப்பை மட்டும் சீவி எடுத்துவிட்டு, அங்கே உலோகத்தால் ஆன மூடி பொருத்துகிறார்கள். சொத்தைப் பல்லைச் சீர் செய்து தொப்பி போடுகிறார்களே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவே வழவழப்பான, கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1962-ல் இடுப்பு மூட்டுக்கு இந்த மாதிரி செய்து காட்டினார். எழுபதுகளில் முழங்காலுக்கும் நல்ல சாதனங்கள் வந்தன.

ஆபரேஷன் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரம். பெரும்பாலும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள். சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டாக்டரின் வேலை அத்துடன் முக்கால்வாசி முடிந்தது. நம் வேலை அப்போதுதான் ஆரம்பம்.

ஏன் என்று கேளுங்கள். அறுத்த இடம் ஆறும்போது உள்ளே தழும்பு கட்டும். அந்தச் சமயத்தில் காலை மடக்கி நீட்டிப் பழக்காவிட்டால் மூட்டு அப்படியே விறைத்துக்கொள்ளும். தொடைச் சதையோ பல வருஷம் வலிக்குப் பயந்து உழைக்காமல் இளைத்துக் கிடக்கிறது. அதற்கும் பலம் ஏற்ற வேண்டும். முதல் ஆறு வாரம் இதற்கு மிக முக்கியம். அதைக் கோட்டை விட்டால், சிலருக்கு மறுபடி மயக்கம் கொடுத்துக் காலை மடக்கிவிட வேண்டிய நிலை வருகிறது. புது மூட்டு போட்டும் பழைய நொண்டல் போகாதவர்கள் இருக்கிறார்கள்.

ஆப் என்ன செய்யும்?

தமிழில் செயலி என்கிறோம். பிள்ளைகள் ஆப் என்கிறார்கள். மூட்டு ஆபரேஷனுக்கென்று செய்த ஆப்களில் பொதுவாக இவை இருக்கும்: ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டியவற்றின் பட்டியல், பயிற்சிகளின் வீடியோ, மாத்திரைக்கும் பயிற்சிக்கும் மணி, தினமும் வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஒரு கேள்வி, புண்ணைப் படம் எடுத்து அனுப்பும் வசதி, எத்தனை அடி நடந்தார்கள் என்ற கணக்கு. சிலவற்றில் கால் எத்தனை பாகை மடங்குகிறது என்றுகூடப் பார்க்கலாம். போனைப் படுக்கவைத்தால் படமும் தானாகத் திரும்புகிறதல்லவா? போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அறியும் சின்னஞ்சிறு கருவி உள்ளே இருக்கிறது. அந்தக் கருவிதான் கால் சாய்வதையும் அளக்கிறது. மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

இதனால் பலன் உண்டா என்று ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட 213 பேரை வைத்துச் செய்த ஒரு ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. வீடு திரும்பிய முதல் 28 நாளும் ஒரு பகுதியினருக்கு அன்றன்றைக்கு வேண்டிய விஷயத்தை மட்டும் போனில் அனுப்பினார்கள். மற்றவர்களுக்குச் சாதாரணக் குறிப்புகள் மட்டும். தினசரி விஷயம் கிடைத்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. காலை இன்னும் நன்றாக உபயோகிக்க முடிந்தது. ஆஸ்பத்திரியைத் தேடி ஓடியதும் குறைந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்று நர்ஸ் அம்மா பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறார். நாமோ ஒரு கையில் பில், ஒரு கையில் பை, வெளியே ஆட்டோக்காரர் அவசரம். எதுதான் மனதில் நிற்கும்? அதையே பிட்டுப் பிட்டு, மூன்றாம் நாளுக்கு உரியதை மூன்றாம் நாளும், பத்தாம் நாளுக்கு உரியதைப் பத்தாம் நாளும் சொன்னால் மனம் பதற்றமின்றி ஏற்றுக்கொள்கிறது.

அமெரிக்காவில் போனையும் கைக்கடிகாரத்தையும் சேர்த்து நடத்திய ஒரு ஆராய்ச்சி 2021-ல் வந்தது. ஆப்பைப் பார்த்து வீட்டில் பயிற்சி செய்தவர்களுக்கும், வழக்கம்போல் பிசியோதெரபிஸ்டிடம் போய் வந்தவர்களுக்கும் முட்டி மடங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஸ்மார்ட்போன் வைத்து உபயோகித்துப் பழகியவர்கள். நம் அத்தைமார்கள் கதை வேறு.

போன் யாரிடம் இருக்க வேண்டும்?

நம் வீடுகளில் எந்த பாரத்தை நிரப்பினாலும் மகன் நம்பரைத்தான் கொடுப்போம். கேஸ் சிலிண்டருக்கும் அந்த நம்பர், கரண்டு பில்லுக்கும் அந்த நம்பர், அம்மாவின் முட்டிக்கும் அதே நம்பர்! பகல் பதினோரு மணிக்குப் "பயிற்சி நேரம்" என்று அவர் பையில் மணி அடிக்கிறது. அவர் மெஷின் பக்கத்தில் நிற்கிறார். அம்மா வீட்டில் படுத்திருக்கிறார்.

சாயங்காலம் நடப்பது இன்னும் வேடிக்கை. ரயிலில் வரும்போது ஆப் கேட்கிறது, 'இன்று வலி எவ்வளவு?' மகன் வீட்டுக்குப் போன் போடுகிறார்.

"ஏம்மா, வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லைப்பா. நீ சாப்பிட்டியா?"

அவரும் 2 என்று போட்டுவிடுகிறார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டது மருமகளுக்கு மட்டும் தெரியும். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களோ 'நன்றாக இருக்கிறார்' என்று நினைத்துக்கொள்வார்கள். போன் பொய் சொல்லாது; ஆனால் நாம் சொன்னதைத்தானே அது சொல்லும்?

ஆகையால் முதல் வேலையாக, ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் கேட்டு, பகலில் வீட்டில் இருக்கும் போனுக்கு ஆப்பை மாற்றிக்கொள்ளுங்கள். அது மருமகள் போனாகவும் இருக்கலாம். பழைய ஸ்மார்ட்போன் ஒன்று அலமாரியில் கிடந்தால் அதைச் சார்ஜ் போட்டு, வீட்டு வைஃபையிலோ சின்ன ரீசார்ஜிலோ அத்தைக்கே கொடுத்துவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம். மகன் நம்பர் இரண்டாவது நம்பராக இருக்கட்டும்.

"அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாதே?" என்பீர்கள். ஆப்பில் தமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு சுலப வழி. போன் அலாரத்துக்கு உங்கள் குரலையே பதிந்து வையுங்கள். "அத்தை, மணி பதினொண்ணு. காலை மடக்கி நீட்டணும், பத்து தடவை" என்று சொன்னால் போதும். வீட்டில் பேசத் தெரிந்த பேரன் பேத்தி இருந்தால் "ஆயா, எழுந்திரு!" என்று அது சொல்லட்டும். வெறும் மணியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். பேத்தி குரலை அணைக்க எந்தப் பாட்டிக்கு மனசு வரும்?

வலியைக் கேட்கும்போது "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். நம் பெண்களுக்கு வாயில் வரும் முதல் பதில் "பரவாயில்லை" என்பதுதான். "ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க? பாத்ரூம் வரைக்கும் நிக்காம போக முடிஞ்சுதா? காலை மடக்கும்போது பல்லைக் கடிச்சீங்களா?" என்று கேளுங்கள். பிறகு எண்ணை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

அடிக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன் உடம்போடு இருந்தால்தான் நடையை எண்ணும். புடவையிலும் நைட்டியிலும் பை ஏது? பழைய துணியில் ஒரு சின்னப் பை தைத்து இடுப்பில் கட்டிவிடுங்கள். தவறி விழுந்தாலும் போன் கைக்கு எட்டும். இன்னொன்று, வாக்கரில் மெதுவாக நடக்கும் நடையைப் போன் சில சமயம் எண்ணாமல் விட்டுவிடும். "நானூறுன்னு காட்டுதே, நேத்து ஐநூறாச்சே" என்று மனம் உடைய வேண்டாம். கூடத்திலிருந்து வாசல் வரை இன்று எத்தனை தடவை என்று நீங்களே எண்ணுங்கள்; அதுவே நம்பகமான கணக்கு.

ஆபரேஷனுக்கு முன் ஒரு மாதம்

வெள்ளானூர் சகோதரிக்கு நல்ல காலம், இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டியவை:

சர்க்கரை, ரத்த சோகை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துச் சரிப்படுத்துங்கள். சொத்தைப் பல், கால் புண், நகச் சுத்தி எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிக் குணப்படுத்துங்கள். உடம்பில் எங்கோ இருக்கும் கிருமி புது மூட்டில் போய்த் தங்கினால் பெரிய தொல்லை.

தொடையை இறுக்கும் பயிற்சியை இப்போதே பழக்குங்கள். வலி இல்லாதபோது கற்றது வலியிலும் மறக்காது. ஆப்பில் உள்ள வீடியோவை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இரண்டு தடவை பாருங்கள்.

வீட்டைச் சுற்றிப் பாருங்கள். வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். குத்த வைத்து உட்காரும் கழிப்பறையானால் மேலே வைக்கும் கமோடு நாற்காலி வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கும். கைப்பிடி உள்ள, சற்று உயரமான நாற்காலி ஒன்று அவசியம். படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இரவு விளக்கு எரியட்டும். குழந்தை தவழ ஆரம்பிக்கும் வயசு. அதன் விளையாட்டுச் சாமான் வாக்கர் பாதையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இது மிக முக்கியம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆறு வாரம், நாள்படி

டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சொன்னதே கடைசி வார்த்தை. கீழே இருப்பது பொதுவான வழி.

முதல் வாரம்: விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்கு ஒரு தடவை கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ரத்தம் கட்டாமல் இருக்க இது உதவும். தொடையை இறுக்கி விடுவது, குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்து முட்டியை மடக்குவது, காலை நேராகத் தூக்குவது ஆகியவற்றைச் சொன்ன எண்ணிக்கைப்படி செய்ய வேண்டும். வலி மாத்திரை போட்ட அரை மணி, முக்கால் மணி கழித்துச் செய்தால் சுலபம். பயிற்சி முடிந்ததும் ஐஸை டவலில் சுற்றிப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: சுகமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். கால் முழுக்க நீளாமல் வளைந்தே நின்றுவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

இரண்டாம் வாரம்: பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் சுவர் மூலை போல 90 பாகைக்கு மடங்க ஆரம்பிக்க வேண்டும். புண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், தினம் ஒரே நேரம், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு சாண் தூரத்திலிருந்து எடுங்கள். நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிட அதுவே வசதி.

மூன்று, நான்காம் வாரம்: டாக்டர் சொன்னால் வாக்கரிலிருந்து தடிக்கு மாறலாம். தடி ஆபரேஷன் ஆகாத பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். மாடிப்படிக்கு ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

ஐந்து, ஆறாம் வாரம்: தெரு முனை வரை நடை. 100, 110 பாகை என்று மடங்கிக்கொண்டே வர வேண்டும். மூட்டைச் சுற்றி வீக்கமும் இளஞ்சூடும் சில மாதம் இருக்கும். தழும்பின் வெளிப்பக்கம் மரத்தாற்போல் இருக்கும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சம்மணம் போடுவதும் தரையில் உட்காருவதும் டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது.

சாப்பாட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர், கேழ்வரகு என்று சதைக்கும் எலும்புக்கும் வேண்டியது இருக்கட்டும். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும். கீரையும் பழமும் நிறையத் தண்ணீரும் கொடுங்கள். "ஆபரேஷன் உடம்பு, பத்தியம்" என்று கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்து இளைக்க வைக்காதீர்கள்.

ஆப்பிடம் விடக்கூடாதவை

இந்தப் பகுதியைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

1. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம்: உடனே 108. ஆப்பில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போனால் இப்படி வரும்.

2. கெண்டைக் காலில் புதிதாக வலி, வீக்கம், தொட்டால் சுளீர் என்பது: அன்றைக்கே டாக்டர். யார் சொன்னாலும் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள், அது ஆபத்து. ரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது.

3. காய்ச்சல், புண்ணில் நீர் அல்லது சீழ், பரவும் சிவப்பு, நாளுக்கு நாள் கூடும் வலி: அன்றைக்கே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி. மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கக்கூடாது. மஞ்சள் பற்று, மூலிகைப் பற்று எதுவும் புண்ணருகில் வேண்டாம்.

4. கீழே விழுந்துவிட்டால், எழுந்து நடக்க முடிந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆப்பில் அனுப்பும் செய்தியை ஆஸ்பத்திரியில் யார் பார்ப்பார்கள், எத்தனை மணிக்குள் பதில் வரும், ஞாயிற்றுக்கிழமை யாரைக் கூப்பிடுவது? இந்த மூன்றையும் டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு எழுதி வாங்குங்கள். ராத்திரி பத்து மணிக்கு அனுப்பிய படத்தை மறுநாள் காலை பத்துக்குத்தான் பார்ப்பார்கள் என்றால், அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மோசடியும் நடமாடுகிறது. "இன்ஷூரன்ஸ் பணம் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வந்தால் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரி கொடுத்த ஆப்பைத் தவிர வேறு எதையும் எவரோ அனுப்பிய லிங்கில் ஏற்றாதீர்கள்.

பணமும் அரசு உதவியும்

முழங்கால் சாதனங்களுக்கு மத்திய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. அதிகம் உபயோகமாகும் கோபால்ட் குரோமியம் வகை அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. 54,720 ரூபாய் என்று குறைத்தார்கள், வரி தனி. பில்லில் சாதனத்தின் விலையையும் கம்பெனிப் பெயரையும் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் உதவும்.

தமிழகத்தில் 2009-ல் ஆரம்பித்து, 2012-ல் மாற்றியமைத்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று ஆபரேஷனும் உண்டு. ஆவடியிலிருந்து மின்சார ரயில் பிடித்தால் சென்ட்ரலுக்கு எதிரேயே இருக்கிறது ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கார்டைக் காட்டி விசாரியுங்கள். வீட்டுக்காரர் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தால், அவரை நம்பி இருக்கும் தாய் தந்தைக்கும் வைத்தியம் உண்டு, அதையும் கேளுங்கள்.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுக்க முடியாதவர்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு, இயன்முறை வைத்தியத்தையும் வீடு தேடிக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். மனிதர் ஒருவர் வந்து காலைத் தொட்டு, "இன்னும் கொஞ்சம் மடக்குங்கம்மா" என்று சொல்வதற்கு எந்த ஆப்பும் ஈடாகாது. வாரத்துக்கு ஒரு தடவை அவர், மற்ற ஆறு நாளும் ஆப் என்று வைத்துக்கொண்டால் செலவும் குறையும், காலும் மடங்கும்.

வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது செல்லுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் விதிமுறைப்படி செல்லும். ஆனால் சில கடுமையான வலி மருந்துகளை அப்படி எழுதித் தரக்கூடாது. அதற்கு நேரில்தான் போக வேண்டும்.

ஸ்மார்ட்போனே இல்லாத வீட்டில்?

கவலை வேண்டாம். நெதர்லாந்து ஆராய்ச்சியின் சாரம் என்ன? அன்றைக்கு உரியதை அன்றைக்குச் சொல்வது. அதற்கு நம் வீட்டுத் தினசரி காலண்டர் போதும்! ஆபரேஷனுக்கு முன்பே உட்கார்ந்து, வீடு திரும்பும் நாளிலிருந்து ஒவ்வொரு தாளின் பின்னாலும் அன்றைய வேலையை எழுதிவிடுங்கள். 'இன்று கணுக்கால், தொடை, 10 தடவை வீதம் 3 வேளை.' 'இன்று தையல் பிரிக்கப் போகணும்.' 'இன்றிலிருந்து தடி.' காலையில் தாளைக் கிழித்து அத்தை கையில் கொடுங்கள். செய்து முடித்ததற்கு அவர்களே பென்சிலால் டிக் போடட்டும், வலி எண்ணையும் எழுதட்டும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாள்களை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போங்கள். எந்த டாக்டரும் சந்தோஷப்படுவார்.

பெயர் கெடுமோ என்ற பயம்

கடைசியாக, அந்தச் சகோதரியின் கடைசிப் பயத்துக்கு வருகிறேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சிலருக்குக் கால் எதிர்பார்த்த அளவு மடங்குவதில்லை. அதற்கு முக்கியக் காரணம், ஆபரேஷனுக்கு முன்பே அது எவ்வளவு மடங்கியது என்பதுதான். முன்பு 80 பாகையில் நின்ற கால் பின்பு 130-க்குப் போய்விடாது. சிலர் உடம்பு தழும்பை அதிகமாகக் கட்டும் உடம்பு. இதற்கு மருமகள் என்ன செய்வாள்? முன்பே ஒரு படம் எடுத்து வையுங்கள் என்றேனே, அது இதற்காகத்தான். அந்தப் படமும், ஆப்பிலோ காலண்டர் தாளிலோ உள்ள தினசரிக் கணக்கும் உங்கள் உழைப்புக்குச் சாட்சி.

அதைவிடப் பெரிய லாபம் வேறு. கணக்கை அத்தை கையிலேயே கொடுத்துவிட்டால், "நீ செய்ய வைக்கலை" என்ற பேச்சுக்கும், "நீங்க செய்ய மாட்டேங்கறீங்க" என்ற பேச்சுக்கும் வீட்டில் இடமிருக்காது. கால் அவர்களுடையது, மணி அடிக்கும்போது எழுந்திருக்க வேண்டியவரும் அவர்களே. நீங்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பத்து வரை எண்ணினால் போதும். ராத்திரி வரும் மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: எட்டரை மணிப் பயிற்சி அவர் பொறுப்பு.

இதே ஆபரேஷனைக் கடந்து வந்த வாசகிகள், உங்கள் வீட்டில் எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுங்கள். அடுத்த இதழில், மெனோபாஸ் காலத்தில் எலும்பு வலுவிழப்பதைப் பற்றிப் பார்ப்போம்.